படைக்கலம் துறந்த கைகளுக்கு எதைக் கொடுப்பது?

(கமக்காரரும் கற்றோரும் ஒருங்கு கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



போரிலே வீழ்ந்தவனை எவ்வாறு போற்றுவது என்பதைத் தமிழனுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டினோம். அக்கல்லிலே அவன் பெயரும் பீடும் பொறித்தோம். பீலி சூட்டிப் படையலிட்டோம். அவனுடைய குடும்பத்துக்கு மன்னரும் ஊராரும் நிலம் விட்டனர். அந்நிலத்தை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் கல்வெட்டுக்கள் கூறும். சிந்திய குருதிக்காக விட்ட நிலம் என்பதே அப்பெயர்களின் பொருள். இவையெல்லாம் மாண்டவனுக்கு உரியவை. மாளாமல் மீண்டவன் ஒருவன் இருக்கின்றானே, அவனுக்கு என்ன செய்தோம்? காலிழந்து மீண்டவன், கண்ணிழந்து மீண்டவன், உடம்பினுள்ளே இரும்புத் துண்டைச் சுமந்து மீண்டவன், வெளியிலே ஒரு காயமுமின்றி இரவெல்லாம் உறக்கமின்றித் தவிப்பவன், இவர்களுக்கு நாளைக் காலையிலே போவதற்கு ஒரு வேலை உண்டா? அதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தொடங்குமுன் ஒரு வரம்பு கட்டிக்கொள்ளுகின்றேன். அவர்கள் ஆயுதம் எடுத்தது சரியோ பிழையோ, யார் விரும்பிப் போனார், யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்னும் வழக்கை நான் இந்த மேடையிலே விசாரிக்கப் போவதில்லை. அதற்கு வேறு மன்று உண்டு. இங்கே எடுத்திருப்பது வயிற்றின் வழக்கு.

2009ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தது. அதன் பின்னர் ஏறக்குறைய 12,000 முன்னாட் போராளிகள் அரசாங்கத்தின் புனர்வாழ்வு நிலையங்களிலே இருந்து வீடு திரும்பினார்கள். அவருள் 594 பேர் அன்று சிறுவர். அச்சிறுவர் இன்று முப்பது வயதை அண்டியவர்கள், பிள்ளைகுட்டிக்காரர். மற்றையோருட் பலர் நாற்பதையும் ஐம்பதையும் கடந்துவிட்டனர். நிலையங்களிலே மேசன் வேலை, தச்சு வேலை, தையல், மின்னிணைப்பு, கணினி என்று பல பயிற்சிகள் நடந்தன. பயின்றவருக்குச் சான்றிதழும் கிடைத்தது. வீடு வந்த பின்னர் தொண்டு நிறுவனங்கள் வந்தன. ஒருவனுக்குப் பத்துக் கோழி, இன்னொருவனுக்கு இரண்டு ஆடு, ஒருத்திக்குத் தையல் இயந்திரம், வேறொருவனுக்கு முச்சக்கர வண்டிக்கு முற்பணம். கொடுக்கும்போது படம் எடுத்தார்கள். கோழி நோயிலே செத்தபோது படம் எடுக்க எவரும் வரவில்லை.

கொடுத்தவர்களை நான் இகழவில்லை. ஆனால் போரிலிருந்து மீண்டவனுக்குக் கையிலே ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது நமது நாட்டிலே மட்டும் கண்ட பிழை அன்று. நம்மிலும் செல்வம் மிகுந்த நாடுகள் இதே பிழையைச் செய்து, கோடிக்கணக்கிலே இழந்து, பிறகுதான் தெளிந்தன. அவனுக்கு முதலாவதாக வேண்டியது காலம். தொழிலைத் தானே தெரிந்தெடுக்கவும், அதைச் செய்பவன் அருகிலே நின்று கற்கவும், கற்கும்வரை வீட்டிலே உலை கொதிக்கவும் போதுமான காலம். இதற்குச் சான்றாக இரண்டு மூன்று நாடுகளின் அனுபவத்தை உங்கள்முன் வைக்கிறேன். கமக்காரர் நிறைந்த சபையாதலால் அவுஸ்திரேலியாவின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

முதலாம் மகாயுத்தம் 1918இல் முடியுமுன்னரே அவுஸ்திரேலியா தன் வீரருக்கு நிலம் கொடுப்பது என்று தீர்மானித்தது. பரந்த தேசம். நிலத்துக்குக் குறைவில்லை. வீரனுக்கு நிலம், நாட்டுக்கு விளைச்சல், வெறுங்காட்டுக்குக் குடியேற்றம், ஒரே கல்லிலே மூன்று மாங்காய் என்று கணக்குப் போட்டார்கள். ஏறத்தாழ 37,000 வீரர் கமக்காரராக்கப்பட்டனர். கோதுமைக் காணியும் பாற்பண்ணையும் முந்திரிகைத் தோட்டமும் கடன்மேற் கடனாகப் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. பத்தாண்டு கழிந்தது. காணியை விட்டு ஓடியவர் தொகை பெருகிற்று. அரசாங்கம் பைக் என்னும் நீதிபதியை அழைத்து, நட்டத்தைக் கணக்கிடுமாறு பணித்தது. 1929இல் அவர் கொடுத்த அறிக்கையிலே நட்டம் 23½ மில்லியன் பவுண் என்று கண்டார். அது பொதுப்பணத்தின் கணக்கு. தனி மனிதனின் முதுகு முறிந்த கணக்கு அதிலே சேரவில்லை.

நட்டத்துக்கு அவர் காட்டிய காரணம் நான்கு. கையிலே முதல் இல்லாமை. ஒரு குடும்பம் சீவிப்பதற்குப் போதாத காணி. கமத்துக்குப் பொருந்தாத ஆட்களைக் கமத்திலே இருத்தியமை. விளைபொருளின் விலை வீழ்ச்சி. கமக்காரப் பெருமக்களே, இந்த நான்கையும் நான் படித்தபோது ஏதோ தூரதேசத்துச் செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. நமது வாய்க்காற் கரையிலே நின்று எவரோ எழுதியதுபோலவே தோன்றிற்று.

காணியின் அளவைப் பாருங்கள். வரைபடத்திலே கோடு கீறிய உத்தியோகத்தருக்கு எல்லாத் துண்டும் ஒன்றாகவே தெரிந்தது. மழை குறைந்த மல்லிப் பிரதேசத்திலே ஒரு குடும்பம் பிழைப்பதற்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்பது அங்கே உழுதவனுக்குத்தான் தெரியும். ஆனால் உழுதவனை எவரும் கேட்கவில்லை. மறே ஆற்றங்கரையிலே ஆயிரக்கணக்கான வீரர் ஒரே காலத்திலே முந்திரிகை நட்டார்கள். ஒரே காலத்திலே அவை காய்த்தன. உலர்ந்த முந்திரிகையின் விலை விழுந்தது. கொடியிலே பழம் நிறைந்திருந்தது, வீட்டிலே கடனும் நிறைந்திருந்தது.

இதைக் கேட்கும்போது இங்கிருக்கும் முதியவர் சிலருக்கு விசுவமடுவும் முத்தையன்கட்டும் நினைவுக்கு வரும். படித்த வாலிபரைக் குடியேற்றிய அத்திட்டங்கள் எழுபதுகளிலே செழித்தன. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. செத்தல் மிளகாய் விற்று உழவு இயந்திரம் வாங்கிய இளைஞர் இருந்தார்கள். 1977க்குப் பின்னர் இறக்குமதிக் கதவு திறந்தது. விலை விழுந்தது. அதே மண், அதே கிணறு, அதே உழைப்பு. சந்தை மட்டும் வேறு. ஆகையால் முன்னாட் போராளிக்கு நிலம் கொடுங்கள் என்று மட்டும் சொல்பவரிடம் நான் கேட்பது, எவ்வளவு நிலம், எந்த நீர், எவன் வாங்குவான் என்பதே. 2021இலே இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது பரம்பரைக் கமக்காரரே நிலைகுலைந்தனர். கடன் வாங்கி முதன்முறை வயலில் இறங்கியவன் என்ன ஆகியிருப்பான்?

அவுஸ்திரேலியா ஒரு நற்காரியம் செய்தது. தன் பிழையை மறைக்காமல் எழுதி வைத்தது. அதனால் இரண்டாம் மகாயுத்தத்தின் பின்னர், 1945இல் மறுபடியும் வீரருக்கு நிலம் கொடுக்கப் புறப்பட்டபோது, விண்ணப்பித்தவரையெல்லாம் இருத்தவில்லை. தகுதி பார்த்துத் தெரிந்தார்கள். பயிற்சி கொடுத்தார்கள். குடும்பம் தாங்கும் அளவுக்குக் காணி அளந்தார்கள். முன்னையிலும் மிகக் குறைந்த தொகையினரே குடியேறினர். ஆனால் அவருட் பலர் நிலைத்தனர்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. அந்நாட்டின் ஆதிக்குடிகளும் அதே யுத்தங்களிலே அதே சீருடையிலே சண்டையிட்டவர்கள். நிலம் பங்கிட்டபோது அவர்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டனர். விக்டோரியா மாநிலத்திலே கொண்டா ஏரிப் பக்கத்திலிருந்த ஆதிக்குடிகளின் ஒதுக்குநிலத்தை வெட்டி, வெள்ளை வீரருக்குக் காணியாக்கினார்கள். ஒருவனுக்கு வாழ்வு கொடுப்பதற்கு இன்னொருவன் நிலத்தை எடுப்பது என்ன என்பதை இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். முதலாம் யுத்தத்தின் வீரருக்கு அந்நாடு 1924இல் ஒரு சன்மானப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. பணம் கைக்கு வருவது 1945இலே. இடையிலே பெரும் பொருளாதார மந்தம் வந்தது. வேலையில்லை, வீடில்லை, பெட்டியிலே பத்திரம் மட்டும் இருந்தது. 1932இலே இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீரரும் குடும்பத்தினரும் வாசிங்டன் நகரத்துக்கு வந்து, ஆற்றங்கரையிலே பலகையாலும் தகரத்தாலும் குடிசை அடித்துக்கொண்டு, அந்தப் பணத்தை இப்போதே தாருங்கள் என்று கேட்டனர். யூலை 28ஆம் நாள் மக்ஆதர் தலைமையிலே சேனை வந்தது. தாங்கிகளும் கண்ணீர்ப் புகையும் வந்தன. குடிசைகள் எரிந்தன. தன் நாட்டுக்காகச் சண்டையிட்டவன்மேல் தன் நாட்டுச் சேனையே ஏவப்பட்ட அக்காட்சியை அமெரிக்கர் மறக்கவில்லை.

அந்த வெட்கமும் அச்சமும் சேர்ந்துதான் 1944இன் சட்டத்தைப் பெற்றன. இரண்டாம் யுத்தம் முடியுமுன்னரே, அவ்வாண்டு யூன் 22ஆம் நாள், றூஸ்வெல்ற் அதிலே கையொப்பமிட்டார். வேலையில்லாத வீரனுக்குக் கிழமைக்கு 20 டொலராக 52 கிழமை வரை கொடுப்பனவு. வீட்டுக்கும் கமத்துக்கும் கடன் ஈடு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வி. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 500 டொலர் வரை அரசாங்கத்தின் பொறுப்பு, படிக்கும் காலத்திலே சீவனத்துக்கும் கொடுப்பனவு. என்ன படிப்பது, எங்கே படிப்பது என்பது வீரனின் விருப்பம்.

சோம்பேறிகளை வளர்க்கிறீர்கள் என்று அன்று கூக்குரலிட்டவர் உண்டு. கிழமைக் காசுக்காக ஒதுக்கிய நிதியிலே ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. பெரும்பாலோர் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டார்கள். ஹாவாட் பல்கலைக்கழகத் தலைவரும் சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவரும் கல்வியின் தரம் கெட்டுவிடும் என்று கலங்கினார்கள். 1947இலே அமெரிக்கக் கல்லூரி மாணவரிற் பாதிப்பேர் முன்னாட் படைவீரர். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வந்த அம்மாணவர் மற்றையோரிலும் நன்றாகவே படித்தனர். ஹாவாட் தலைவரும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் கல்லூரியோடு நின்றுவிடுகின்றனர். நான் நிற்கப் போவதில்லை. 1956 வரை இச்சட்டத்தின்படி கற்றோர் 78 இலட்சம் பேர். அவருட் கல்லூரிக்குப் போனவர் 22 இலட்சமே. 35 இலட்சம் பேர் மற்றைப் பாடசாலைகளிலே பயின்றனர். 14 இலட்சம் பேர் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்துகொண்டே பயின்றனர். ஏறத்தாழ 7 இலட்சம் பேர் கமத்திலே நின்று கமம் பயின்றனர்.

கமத்திலே நின்று பயின்ற அந்த ஏழு இலட்சம் பேரின் முறையைச் சற்றுக் கவனியுங்கள். ஒருவன் தன் சொந்தக் காணியிலேயோ வேறொரு கமக்காரனின் காணியிலேயோ வேலை செய்வான். ஆண்டுக்கு 200 மணித்தியாலம் ஊர்ப் பாடசாலையிலே வகுப்பு. மாதம் இருமுறையாவது ஆசிரியர் காணிக்கு வரவேண்டும் என்று 1947இன் திருத்தச் சட்டம் விதித்தது. ஆசிரியர் வரப்பிலே நிற்பார். இந்த மாடு ஏன் மெலிந்தது, இந்தக் கணக்கிலே பத்து டொலர் எங்கே போயிற்று என்று கேட்பார். அவன் வீட்டுச் செலவுக்கு மாதந்தோறும் அரசாங்கக் கொடுப்பனவு வரும். ஒரு போகம் பிழைத்தாலும் அவன் அடுத்த போகத்துக்கு நிற்பான். அவுஸ்திரேலிய வீரனுக்கு 1919இலே காணி கிடைத்தது, அருகிலே நிற்க எவரும் கிடைக்கவில்லை. இவனுக்கு இரண்டும் கிடைத்தன.

இம்முறையிலும் கள்ளம் புகுந்தது. பயிற்சி என்ற பெயரிலே வீரரைச் சேர்த்து, அரசாங்கக் கொடுப்பனவைக் காட்டித் தம் கூலியைக் குறைத்த முதலாளிமார் தோன்றினர். ஒரு வாரத்திலே பழகக்கூடிய வேலைக்கு இரண்டு வருடப் பயிற்சி எழுதினார்கள். பணத்தைக் கறப்பதற்கென்றே தொழிற்பாடசாலைகள் முளைத்தன. 1946இலேயே தொழிலகப் பயிற்சிக்குக் கால எல்லையும் வருமான எல்லையும் விதிக்க நேர்ந்தது. கருநிறத்தவரோ சட்டத்திலே சமம், ஊரிலே சமமல்லர். 1947இலே மிசிசிப்பி மாநிலத்திலே அரசாங்க ஈட்டோடு கொடுத்த 3,229 கடன்களிலே கருநிற வீரருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. சட்டத்தை எழுதியவர் தலைநகரத்திலே இருந்தார். கடன் பத்திரத்திலே கையொப்பமிடுபவர் ஊர் வங்கியிலே இருந்தார். இதை நமது வங்கியாளரும் உத்தியோகத்தரும் மறவாதிருப்பாராக.

பிரித்தானியாவைப் பற்றி ஒரு சொல். அங்கவீனரான வீரருக்கு வேலை கொடுப்பதற்கு 1944இலே அங்கும் ஒரு சட்டம் வந்தது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை கொள்பவர் நூற்றுக்கு மூவர் வீதம் அங்கவீனரைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் பெரும்பாலும் ஏட்டிலே உறங்கிற்று. 1996இலே அது எடுபட்டது. அதே சட்டத்தின்கீழ் இரண்டு தொழில்களை அங்கவீனருக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். ஒன்று வாகனத் தரிப்பிடக் காவல். மற்றது மின்தூக்கியிலே ஏறுவோருக்குப் பொத்தானை அழுத்திவிடுதல். ஒற்றைக் கையனுக்கு இதுவே போதும் என்று எவரோ மேசையிலிருந்து எண்ணியிருக்கிறார். மின்தூக்கி தானே இயங்கத் தொடங்கியபோது அந்த வேலையும் போயிற்று.

நமது இலங்கையிலும் 1988இலே ஒரு சுற்றறிக்கை வந்தது. அரசாங்க வேலைகளிலே நூற்றுக்கு மூன்றைத் தகைமையுள்ள அங்கவீனருக்கு ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் அலுவலகத்திலே அந்த மூவர் எங்கே இருக்கிறார்கள் என்று இங்கு வந்திருக்கும் உத்தியோகத்தர் நாளைக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்தால் நல்லது. தென்னிலங்கையிலும் நிலைமை வேறல்ல. பன்னிரண்டு வருட சேவை நிறைவுறுமுன் அங்கவீனமுற்று விலகிய அரசாங்கப் படைவீரர் ஓய்வூதியம் கேட்டு 2017இலே கொழும்பு வீதியில் இறங்கினர். அவருடைய துயரத்தைக் கண்டு மகிழ்பவன் நம்முள் ஒருவனும் இருக்கலாகாது. கண்ணிவெடிக்குக் காலின் இனம் தெரியாது.

இனி வன்னிக்கு வருகின்றேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். போர்க்காலத்திலே படகு இயந்திரங்களைத் திருத்தியவர். கழற்றிப் பூட்டுவதிலே கெட்டிக்காரர். இறுதிப் போரிலே இடக்கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. புனர்வாழ்விலே அவருக்குக் கிடைத்தது மேசன் பயிற்சி! ஒரு கையால் மட்டத்தைப் பிடிப்பதா, சாந்தகப்பையைப் பிடிப்பதா? சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரிலே மாட்டினார். இரண்டு வருடம் வீட்டிலே இருந்தார். பின்னர் ஊரிலே நீரிறைக்கும் இயந்திரம் திருத்தும் ஒரு முதியவர், ‘தம்பி, சும்மா இருக்கிறாய், வந்து என்னோடு இரு’ என்று கூப்பிட்டார். முதலாறு மாதமும் கையில் ஒன்றும் கொடுக்காமல் விடவில்லை. சிறு தொகையாவது சனிக்கிழமை தோறும் கொடுத்தார். ஒரு கையால் இயந்திரத்தைப் பிடிப்பதற்கு இருவருமாக ஒரு பிடிச்சாவணத்தை மேசையிலே பொருத்தினர். நாலு வருடம் சென்றது. இன்று அந்த முதியவருக்குக் கண் மங்கிவிட்டது. பட்டறையை நடத்துபவர் இவரே. காலபோகம் முடிந்து சிறுபோகத்துக்கு நீர் இறைக்கும் நாட்களிலே அவர் வாசலிலே இயந்திரங்கள் வரிசையிலே நிற்பதை நானே கண்டிருக்கிறேன்.

அவருக்கு எவரும் பெரும் பொருள் கொடுக்கவில்லை. அவர் முன்பே அறிந்திருந்த தொழிலை ஒருவர் மதித்தார். அருகிலே இடங்கொடுத்தார். பொறுத்திருந்தார். அமெரிக்கர் 78 இலட்சம் பேருக்குச் சட்டம் எழுதிச் செய்ததை அந்த முதியவர் ஒருவருக்குச் சட்டமின்றிச் செய்தார்.

முன்னாட் போராளியை நாம் ஒன்றும் அறியாதவனாகப் பார்க்கின்றோம். அது பெரும் பிழை. அவருள் இயந்திரம் அறிந்தவர் உண்டு. படகு கட்டியவர் உண்டு. களஞ்சியக் கணக்கு வைத்தவர் உண்டு. நில அளவை, தொலைத்தொடர்பு, அச்சு வேலை தெரிந்தவர் உண்டு. குண்டு மழையின் நடுவிலே குருதிப் பெருக்கைக் கட்டி உயிர் காத்த பெண்கள் உண்டு. அத்தகைய ஒருத்தி தாதியர் பயிற்சிக்குப் போக முடியாது. பதினாறு வயதிலே எழுத வேண்டிய பரீட்சையை அவள் எழுதவில்லை. அமெரிக்கர் 1942இலேயே இதற்கு வழி கண்டனர். பள்ளியை இடையிலே விட்ட படைவீரன் அறிந்தவற்றைச் சோதித்து, உயர்பள்ளிக் கல்விக்கு ஒப்பான சான்று கொடுக்கும் பரீட்சை ஒன்றை அமைத்தனர். நமது நாட்டிலும் தேசிய தொழிற்றகைமை என்னும் முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகாதவனும் தான் முன்னே பழகிய தொழிலைச் செய்து காட்டி அச்சான்றைப் பெறலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பிக் கொடுப்பதற்கு ஊரிலே ஓர் ஆசிரியர் போதும். சட்டத்தரணியும் வேண்டாம், பாராளுமன்ற உறுப்பினரும் வேண்டாம்.

போருக்குப் பின்னர் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பண்ணைகள் நடத்தி, முன்னாட் போராளிகள் உட்படப் பல இளைஞருக்கும் பெண்களுக்கும் மாதச் சம்பளத்தோடு வேலை கொடுத்தது. பாதுகாப்பு அமைச்சின் கீழ்ப்பட்ட திணைக்களம் பண்ணையையும் பாலர் பாடசாலையையும் நடத்துவது தகாது என்று நமது அரசியலார் கண்டித்தனர். கண்டனம் நியாயமானதே. நானும் கண்டித்தவன். ஆயினும் அந்தச் சம்பளத்தை வாங்கிப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிய தாய் ஒருத்தி, ‘ஐயா, நீங்கள் அதை விடச் சொல்கிறீர்கள், வேறு எதைத் தருகிறீர்கள்?’ என்று கேட்டபோது எனக்கு மறுமொழி இருக்கவில்லை. அந்த மறுமொழியைத் தேடித்தான் இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

நம்மிடையே உள்ள தடையையும் வெளிப்படையாகவே பேசுவோம். முன்னாட் போராளி ஒருவனை வேலைக்கு வைத்தால் விசாரணைக்கு ஆள் வரும் என்று கடைக்காரர் பயப்படுகின்றார். அந்தப் பயம் முற்றிலும் வெறும் கற்பனை அன்று. வீடு தேடி வந்து விசாரித்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் எல்லாக் கதவும் அந்தப் பயத்தினாலேதான் மூடியிருக்கின்றனவா? போராளிப் பெண்ணாய் இருந்தவளுக்குச் சம்பந்தம் பேசும்போது உதட்டைப் பிதுக்குகிறோமே, அதற்கு எந்த விசாரணை காரணம்? அவன் முரடன், அவள் அடங்காதவள் என்று சொல்கிறோமே, அதை நமக்கு எவர் சொல்லித் தந்தார்? வீழ்ந்தவருக்கு விளக்கேற்றும் நாளிலே முன்வரிசையிலே நிற்பவர், மீண்டவன் வேலை கேட்டு வந்தால் ‘பிறகு பார்ப்போம்’ என்று அனுப்புகின்றார். இது நமது வீட்டுக் குற்றம். இதற்குக் கொழும்பைக் குறைகூற முடியாது.

ஆகையாற் கேட்கின்றேன். எந்திரி அவர்களே, உங்கள் வேலைத்தளத்திலே ஒருவர். மருந்துக்கடை வைத்திருப்பவரே, உங்கள் கடையிலே ஒருவர். கணக்காளரே, பேரேடு எழுதத் தெரிந்த ஒருவர். பத்து ஏக்கர் கமம் செய்யும் பெரியவரே, உங்கள் வரப்பிலே உங்கள் பின்னால் நடந்து இரண்டு போகம் கற்க ஒருவர். தருமமாக வேண்டாம். கூலியோடு, எழுதிய உடன்படிக்கையோடு, இத்தனை மாதம் என்ற தவணையோடு. அமெரிக்க முதலாளிமார் செய்த கள்ளத்தை நாமும் செய்யாதிருப்பதற்கு உடன்படிக்கையின் ஒரு பிரதி கூட்டுறவுச் சங்கத்திலே இருக்கட்டும். எந்தத் தொழில் என்பதை அவரே சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம். மூன்று மாதத்திலே மனம் மாறினால் இன்னொரு பட்டறைக்கு மாற இடங்கொடுப்போம். இருபது வயதிலே நமது பிள்ளைகள் எத்தனை தரம் மனம் மாறினார்கள்! இவர்களுக்கு அந்த இருபது வயது கிடைக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் நமது உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். இனிமேல் ஆடும் கோழியும் வாங்க அனுப்பாதீர்கள். ஒருவர் தொழில் கற்கும் பதினெட்டு மாதத்துக்கு அவர் வீட்டு அரிசிக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் மாதந்தோறும் அனுப்புங்கள். படம் எடுக்க அதிலே ஒன்றும் இராது.

நில விடயத்திலே அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. காணி உள்ள முன்னாட் போராளிகள் முதலிலே பயிலட்டும். நீர் உறுதியாகக் கிடைக்குமா, விளைவதை யார் வாங்குவார் என்று இரண்டையும் எழுதிக் கேட்ட பின்னரே கடன் எடுக்கட்டும். 2018இலே அரசாங்கமே தலையிட்டு, வரட்சி மாவட்டங்களிற் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய நேர்ந்ததை நாம் கண்டோம். அந்தக் கடனை எடுத்தவருள்ளும் முன்னாட் போராளிப் பெண்கள் இருந்தார்கள்.

காலபோகத்துக்கு மழை பார்க்கும் காலம் கிட்டிவிட்டது. புதியவன் ஒருவன் கமம் கற்பதற்கு விதைப்புக்கு முன்னரே வரவேண்டும், அறுவடைக்கு வந்து பயனில்லை. ஆகையால் இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலிலே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். இடதுபக்கத்திலே இடங்கொடுப்பவர் தம் பெயரையும் தொழிலையும் எழுதலாம். வலதுபக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அதை நிரப்புவதற்கு நானும் இரண்டு ஆசிரியரும் வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீடு வீடாகப் போகின்றோம். இடதுபக்கத்திலே எத்தனை பெயர் இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். எண்ணிச் சொல்லவேண்டும்.